காரைத் தடுக்காத கோடு: மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் புறநகருக்கு நாம் ஏன் போவதில்லை?

எங்களோடு ஒரே அபார்ட்மெண்டில் ஆறு வருஷம் இருந்த ஒரு குடும்பம், வீடு வாங்கிக்கொண்டு மேரிலாந்தில் இருக்கும் ஜெர்மன்டவுனுக்குப் போனது. நாங்கள் வர்ஜீனியாவில், ஆஷ்பர்னில். வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் இரண்டு ஊருக்கும் நடுவே 15 மைல்தான். "வாராவாரம் பாத்துக்கலாம்" என்று சொல்லிக்கொண்டேதான் பெட்டி கட்ட உதவினோம். முதல் வருஷம் நான்கு முறை போனோம். அடுத்த வருஷம் இரண்டு முறை. போன மாதம் அவர் போனில் கேட்டார்: "ஏண்ணே, ரிச்மண்ட் வரைக்கும் போய்ட்டு வர்றீங்க, இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்க மாட்டேங்கறீங்களே?"

ரிச்மண்ட் வர்ஜீனியாவுக்குள்ளேதான், ஆனால் எங்கள் வீட்டிலிருந்து நூறு மைலுக்கு மேல். அவர் கேட்டது நியாயம்தான். அன்று என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. பாசம் குறைந்துவிட்டதா, சோம்பலா, அல்லது நடுவில் மாநில எல்லை இருப்பதாலா? யோசிக்க யோசிக்க, இது எங்கள் இரண்டு வீட்டுக்கு மட்டும் உரிய விஷயம் இல்லை, இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது என்று புரிந்தது. அதைத்தான் இங்கே அடியிலிருந்து சொல்லப் பார்க்கிறேன்.

இரண்டு பேச்சும் பாதிதான் சரி

வாஷிங்டன் டி.சி.யைச் சுற்றிக் குடியிருக்கிறவர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு எப்படியும் வந்துவிடும். வர்ஜீனியாக்காரர்கள் மேரிலாந்துப் பக்கமே போக மாட்டார்கள் என்பார் ஒருவர். "ஸ்டேட் பார்டர்னா என்ன, பாஸ்போர்ட்டா கேக்குறாங்க? ஒரு போர்டு, அவ்வளவுதானே" என்பார் இன்னொருவர்.

யாருமே போவதில்லை என்றால், இரண்டு மாநிலங்களையும் இணைக்கும் அமெரிக்கன் லீஜன் பாலத்தில் ஒரு நாளைக்கு 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் ஓடுவது எப்படி? எல்லை வெறும் போர்டுதான் என்றால், 15 மைல் தள்ளி இருக்கும் ஊரில் சாப்பிட ஒரு நல்ல இடம் எனக்கு ஏன் தெரியவில்லை?

குழப்பம் சொல்லிலேயே தொடங்குகிறது. கடந்து போவது வேறு, போய் வருவது வேறு. பாலத்தில் ஓடும் அந்த வண்டிகளில், மேரிலாந்தின் பெதஸ்டாவில் இருக்கும் தேசிய சுகாதார நிறுவனத்துக்கு வேலைக்குப் போகிறவர் இருக்கிறார். வர்ஜீனியாவில் இருக்கும் டல்லஸ் விமான நிலையத்துக்கு அம்மா அப்பாவை அழைத்துவரப் போகிறவர் இருக்கிறார். இவர்கள் கோட்டைக் கடக்கிறார்கள். ஆனால் அந்தப் பக்கத்து ஊரில் இறங்கி, ஒரு பூங்காவில் உட்கார்ந்து, ஒரு கடையில் ஏதாவது வாங்கி, ஒரு வீட்டில் காபி குடித்துவிட்டுத் திரும்புகிறார்களா? இந்தக் கட்டுரை கேட்பது அந்தப் போக்குவரத்தைப் பற்றி.

புதிதாக வருகிறவர்களுக்காக இடத்தை ஒரு முறை விரித்துவிடுகிறேன். நடுவில் வாஷிங்டன். வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஓடுகிறது பொட்டோமாக் ஆறு. ஆற்றின் ஒரு கரையில் வர்ஜீனியாவின் ஆர்லிங்டன், ஃபேர்ஃபாக்ஸ், லவுடன் கவுண்டிகள். மறு கரையில் மேரிலாந்தின் மான்ட்கோமரி, பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுண்டிகள். கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி ஒரு நிர்வாகப் பிரிவு. புறநகர் என்பது பெருநகரத்தின் வேலையையும் சந்தையையும் நம்பி அதைச் சுற்றி வளர்ந்த குடியிருப்பு ஊர். ஆஷ்பர்னும் ஜெர்மன்டவுனும் அப்படிப்பட்டவைதான்.

பாலுக்கு எவ்வளவு தூரம், பட்டுப்புடவைக்கு எவ்வளவு தூரம்

வீட்டில் பால் தீர்ந்துவிட்டது. எவ்வளவு தூரம் போவீர்கள்? ஐந்து நிமிஷம். அதற்கு மேல் என்றால் இன்றைக்குக் கறுப்புக் காபி போதும் என்று இருந்துவிடுவோம். இட்லி அரிசி தீர்ந்தால்? இந்தியன் ஸ்டோருக்குக் கால் மணி நேரம் ஓட்டத் தயார். கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை என்றால் நியூ ஜெர்சியின் எடிசன் வரைக்கும் நாலு மணி நேரம் ஓட்டிப் போகிற குடும்பங்கள் இங்கே உண்டு. வழியில் மேரிலாந்து, டெலவேர் என்று எத்தனை மாநில எல்லை வருகிறது என்று அவர்கள் எண்ணுவதே இல்லை.

தூரம் கூடக் கூட ஓர் இடத்துக்குப் போகிறவர்களின் எண்ணிக்கை குறைவதைத் தொலைவுத் தேய்வு என்பார்கள். எல்லாப் பயணமும் ஒரே வேகத்தில் தேய்வதில்லை. பால் வாங்கும் பயணம் ஒரு மைலிலேயே தேய்ந்துவிடும். பட்டுப்புடவைப் பயணம் இருநூறு மைல் தாங்கும்.

அப்புறம், இடத்தின் அளவு. 1931-இல் வில்லியம் ரெய்லி என்ற அமெரிக்கர் இதை ஒரு கணக்காகவே எழுதினார். இரண்டு ஊர்கள் நடுவில் இருக்கும் வாடிக்கையாளரை எப்படி இழுக்கின்றன என்பது அவருடைய கேள்வி. ஊர் பெரிதானால் இழுப்பு கூடும். தூரம் கூடினால், தூரத்தின் வர்க்கத்தால் வகுத்த அளவுக்கு இழுப்பு குறையும். அதாவது ஓர் ஊர் நான்கு மடங்கு பெரியதாக இருந்து, இரண்டு மடங்கு தூரத்தில் இருந்தால், பக்கத்துச் சின்ன ஊரும் அதுவும் சமமாக இழுக்கும். நியூட்டனின் ஈர்ப்பு விதியின் அதே வடிவம் என்பதால் இந்த வகைக் கணக்குக்கு ஈர்ப்பு மாதிரி என்று பெயர். சாலைத் திட்டம் போடுகிறவர்கள் இதன் வளர்ந்த வடிவங்களை இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

இதை வைத்துப் புறநகரைப் பாருங்கள். வாஷிங்டன் நகரத்தில் அருங்காட்சியகங்கள், வெள்ளை மாளிகை, செர்ரி மரங்கள். எல்லாப் புறநகர்க்காரரையும் அது இழுக்கும். ஆனால் ஒரு புறநகர் இன்னொரு புறநகரை இழுக்க அதனிடம் என்ன இருக்கிறது? பள்ளிக்கூடம், டார்கெட் மாதிரிப் பெரிய கடை, பீட்சா கடை, நூலகம், கால்பந்து மைதானம். அத்தனையும் நம் ஊரிலும் இருக்கிறது. இழுப்புக்கான பொருளே அங்கே குறைவு.

நடுவில் இன்னொரு கடை இருந்தால்

இந்தப் பகுதிதான் முக்கியம் என்று நினைக்கிறேன். பேச்சில் பெரும்பாலும் விட்டுப்போவதும் இதுதான்.

1940-இல் சாமுவேல் ஸ்டௌஃபர் என்ற சமூகவியலாளர், மக்கள் நகர்வதைத் தூரம் மட்டும் தீர்மானிப்பதில்லை என்றார். நமக்கும் அந்த இடத்துக்கும் நடுவில் அதே தேவையை நிறைவேற்றும் எத்தனை இடங்கள் இருக்கின்றன என்பதுதான் தீர்மானிக்கிறது. இவற்றுக்கு இடைப்பட்ட வாய்ப்புகள் என்று பெயர். தெருமுனையில் டீக்கடை இல்லாதவர் அரை மைல் நடப்பார். இருக்கிறவர் அங்கேயே நின்றுவிடுவார். இரண்டு பேருக்கும் அந்த அரை மைல் கடை ஒரே தூரம்தான்.

வாஷிங்டனைச் சுற்றிக் கடைகள் எப்படி அமைந்திருக்கின்றன என்று பார்த்தால் இது கண்ணெதிரே தெரியும். மேசை நாற்காலி விற்கும் ஐக்கியா ஒன்று வர்ஜீனியாவின் வுட்பிரிட்ஜில், ஒன்று மேரிலாந்தின் காலேஜ் பார்க்கில். பெரிய மால் என்றால் வர்ஜீனியாவுக்கு டைசன்ஸ் கார்னர், மேரிலாந்தின் பெதஸ்டாவுக்கு மான்ட்கோமரி மால். இரண்டும் 1968-இல் திறந்தவை. மொத்தமாக வாங்கும் கடையான காஸ்ட்கோ இரண்டு கரையிலும். கொரியக் காய்கறிக் கடையான எச் மார்ட் இரண்டு கரையிலும். இந்திய மளிகைக் கடை, தமிழ்ப் பள்ளி, பரதநாட்டிய வகுப்பு, எல்லாம் இரண்டு கரையிலும். ஆற்றின் இரு பக்கமும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிடித்த மாதிரி வளர்ந்திருக்கின்றன. வியாபாரிகளுக்கு இது நன்றாகத் தெரியும். பாலம் தாண்டி ஆள் வராது என்று கணக்குப் போட்டு அந்தக் கரையில் இன்னொரு கிளை போடுகிறார்கள். கிளை வந்த பிறகு, கொஞ்சநஞ்சம் பாலம் தாண்டிக்கொண்டிருந்தவர்களும் நின்றுவிடுகிறார்கள்.

எதிர்ப்பக்கத்துச் சாட்சியும் இருக்கிறது. 2016 டிசம்பரில் மேரிலாந்தின் நேஷனல் ஹார்பரில் எம்.ஜி.எம். கேசினோ திறந்தது. வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியாவிலிருந்து ஒரே ஒரு பாலம்தான் தாண்ட வேண்டும். வடக்கு வர்ஜீனியாவில் கேசினோ கிடையாது. அதனால் அங்கே வண்டி நிறுத்தும் இடத்தில் வர்ஜீனியா நம்பர் பிளேட்டுகளை வரிசையாகப் பார்க்கலாம். வீட்டுப் பக்கம் கிடைக்காதது அங்கே கிடைத்தால் எல்லையும் பாலமும் யாரையும் நிறுத்துவதில்லை.

இதுவரை சொன்னதைக் கொஞ்சம் சேர்த்துக்கொள்வோம். தூரம் கூடினால் பயணம் தேயும். இடம் பெரிதானால் இழுப்பு கூடும். நடுவிலேயே அதே பொருள் கிடைத்தால் பயணம் அங்கேயே முடிந்துவிடும். இந்த மூன்றிலும் மாநில எல்லை என்ற சொல்லே இன்னும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மைலை விடுங்கள், நிமிஷத்தைப் பாருங்கள்

ஆஷ்பர்னிலிருந்து ஜெர்மன்டவுனுக்கு நேர்கோட்டில் 15 மைல் என்றேன். கார் நேர்கோட்டில் போகாது. தென்கிழக்கே இறங்கி அமெரிக்கன் லீஜன் பாலத்துக்கு வந்து, ஆற்றைத் தாண்டி, மறுபடி வடமேற்கே 270-ஆம் எண் நெடுஞ்சாலையில் ஏற வேண்டும். ஏறத்தாழ 40 மைல். ஒரு முக்கோணத்தின் இரண்டு பக்கங்களையும் சுற்றுகிற மாதிரி.

ஏன் இந்தச் சுற்று? அமெரிக்கன் லீஜன் பாலத்திலிருந்து ஆற்றின் மேல்பக்கம் பாயிண்ட் ஆஃப் ராக்ஸ் என்ற ஊர் வரைக்கும், ஆற்றோரமாக 60 கிலோமீட்டருக்கு, வேறு பாலமே இல்லை. இரண்டு பக்கமும் லட்சக்கணக்கில் மக்கள் வாழும் இடத்தில் இப்படி ஓர் இடைவெளி.

சனிக்கிழமை மதியம் அந்தப் பாலத்துக்கு வரும்போது என்ன நடக்கும் என்று சொல்கிறேன். மூன்று மைலுக்கு முன்னாலேயே சிவப்பு விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரியத் தொடங்கும். கூகுள் மேப்ஸில் நீலமாக இருந்த கோடு ஆரஞ்சாகி, பாலத்துக்குப் பக்கத்தில் அடர் சிவப்பாகிவிடும். பின் சீட்டில் குழந்தை "எவ்ளோ நேரம்பா?" என்று மூன்றாவது முறை கேட்கும். சரி, ஐம்பது நிமிஷத்தில் போய்விடலாம் என்று கிளம்பிய பயணம் ஒன்றரை மணி நேரம் ஆகலாம், ஆகாமலும் போகலாம். இந்த 'ஆகலாம்'தான் பெரிய சுமை. ரிச்மண்ட் தூரம்தான், ஆனால் எப்போதாவது ஒரு முறை, நாள் முழுக்க என்று மனசைத் தயார் செய்துகொண்டு போகிற ஊர். நண்பர் வீடு சாயங்காலக் காபிக்குப் போகிற இடம். காபிக்குப் போகிற பயணத்தால் ஒன்றரை மணி நேரத்தைத் தாங்க முடியாது. எங்கள் வருகை நாலிலிருந்து இரண்டானதற்கு முதல் காரணம் இதுதான் என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

இன்னும் துல்லியமான சாட்சி வேண்டுமானால் ஒயிட்ஸ் ஃபெர்ரியைப் பாருங்கள். பாலமில்லாத அந்த இடைவெளியின் நடுவில், வர்ஜீனியாவின் லீஸ்பர்க் பக்கத்திலிருந்து மேரிலாந்தின் பூல்ஸ்வில் பக்கத்துக்குக் கார்களை ஏற்றிச் செல்லும் ஒரு படகு ஓடிக்கொண்டிருந்தது. இரு கரைக்கும் நடுவே இரும்புக் கயிறு கட்டி, அதைப் பிடித்தபடி போகும் தட்டையான படகு. கார் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி நின்றால், கம்பிக்கு அடியில் பழுப்புத் தண்ணீர் மெல்ல நகர்வது தெரியும். சில நிமிஷத்தில் அக்கரை. படகுத் துறை அந்த இடத்தில் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே உண்டு. வர்ஜீனியாக் கரையில் படகு இறங்கும் நிலத்தின் உரிமை பற்றி ஒரு வழக்கு நடந்து, 2020 டிசம்பரில் படகு நின்றது. லீஸ்பர்க்குக்கும் பூல்ஸ்வில்லுக்கும் நேர்கோட்டில் எட்டு மைல்தான். படகு நின்ற மறுநாள் முதல் அது சாலையில் ஏறத்தாழ 25 மைல். அக்கரையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்களுக்கும், வாரக் கடைசியில் பழத்தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தவர்களுக்கும் ஒரே நாளில் அந்த ஊர் தூரமாகிவிட்டது. மாநில எல்லை அன்றும் மாறவில்லை, சட்டம் மாறவில்லை. மாறியது நிமிஷம் மட்டும்.

கோடு மட்டும் தனியாக இருந்தால்?

எல்லையையும் ஆற்றையும் பிரித்துப் பார்க்க வேண்டுமானால், ஆறு இல்லாத எல்லை ஒன்று வேண்டும். அமெரிக்காவின் நடுவில் கான்சஸ் சிட்டி அப்படி அமைந்த இடம்.

அங்கே ஒரு தெருவுக்குப் பெயரே ஸ்டேட் லைன் ரோடு, மாநிலக் கோட்டுச் சாலை. தெற்கு நோக்கி ஓட்டினால் பல மைல் தூரத்துக்கு வலப்பக்க வீடுகள் கான்சஸ் மாநிலம், இடப்பக்க வீடுகள் மிசௌரி மாநிலம். வலது பக்கம் மிஷன் ஹில்ஸ், லீவுட் என்ற புறநகர்கள். இடது பக்கம் கான்சஸ் சிட்டியின் மிசௌரிப் பகுதி. தெரு எண்கள்கூட எல்லையில் நிற்பதில்லை. 75-ஆவது தெரு கான்சஸில் தொடங்கி மிசௌரிக்குள் அதே எண்ணோடு போகிறது. சிக்னலில் திரும்பினால் மாநிலம் மாறிவிட்டது. அங்கே சாப்பாட்டுக்கு எல்லை தாண்டுவது ஒரு முடிவே இல்லை. மிசௌரிப் பக்கத்தில் இருக்கும் வால்டோ என்ற பேட்டைக்குப் போகலாமா என்றுதான் பேச்சு வருமே தவிர, மிசௌரிக்குப் போகலாமா என்று வராது.

இதற்கு ஒரு வலுவான ஆதாரம் கம்பெனிகளிடமிருந்து வருகிறது. பல வருஷங்கள் கான்சஸும் மிசௌரியும் வரிச் சலுகை கொடுத்து ஒன்றிடமிருந்து ஒன்று கம்பெனிகளை இழுத்துக்கொண்டிருந்தன. ஏ.எம்.சி. திரையரங்கு நிறுவனம் மிசௌரிப் பக்கத்து நகர மையத்தை விட்டு லீவுடுக்கு மாறுவதாக 2011-இல் அறிவித்தது. அலுவலகம் மாநிலம் விட்டு மாநிலம் போனது. ஆனால் ஊழியர்கள் வீட்டை மாற்ற வேண்டியதில்லை, காலையில் கார் திரும்பும் திசை மட்டும் மாறும். புது வேலை எதுவும் உருவாகாமல் இரண்டு மாநிலமும் வரியைத்தான் இழக்கின்றன என்று கடைசியில் புரிந்து, 2019-இல் இரண்டும் சேர்ந்து இந்தப் போட்டியை நிறுத்த ஏற்பாடு செய்தன.

ஆக, கோடு மட்டும் இருந்தால் அது காரைத் தடுப்பதில்லை. வாஷிங்டனில் தடுப்பது ஆறும், பாலப் பற்றாக்குறையும், இரு கரையிலும் ஒரே மாதிரி இருக்கும் கடைகளும்.

கோடு செய்யும் வேலை இரண்டு

இத்தோடு நிறுத்தினால் நானும் பாதி உண்மைதான் சொன்னவனாவேன். கோட்டுக்கும் வேலை உண்டு. எல்லை இருப்பதால் மட்டுமே போக்குவரத்தில் ஏற்படும் மாற்றத்தை எல்லை விளைவு என்கிறார்கள். அது இரண்டு வழியில் வருகிறது.

ஒன்று, விலை. மாநிலத்துக்கு மாநிலம் வரி வேறு. இரண்டு தொட்டிகளில் தண்ணீர் மட்டம் வேறாக இருந்து நடுவில் குழாய் போட்டால் தண்ணீர் ஓடும். மட்டம் சமமானால் ஓட்டம் நின்றுவிடும். கான்சஸ் மாநிலம் 2022 கடைசி வரை மளிகைப் பொருளுக்கு 6.5 சதவீத மாநில வரி போட்டது. மிசௌரியில் அது 1.225 சதவீதம். கோட்டோரக் கான்சஸ் குடும்பத்துக்கு இடப்பக்கம் திரும்பிக் காய்கறி வாங்க ஒரு காரணம் இருந்தது. பிறகு கான்சஸ் படிப்படியாக வரியைக் குறைத்து, 2025 ஜனவரியில் மாநிலப் பங்கைப் பூஜ்யமாக்கிவிட்டது. அந்தக் காரணம் அதோடு போனது. பிலடெல்பியா பக்கம் வந்தால், பென்சில்வேனியாவில் விற்பனை வரி 6 சதவீதம், பக்கத்து டெலவேரில் விற்பனை வரியே இல்லை. நடுவில் ஆறும் இல்லை. அதனால் லேப்டாப் வாங்க டெலவேரின் கிறிஸ்டியானா மாலுக்குப் போவது அங்கே சர்வ சாதாரணம். (சட்டப்படி பார்த்தால், வெளியே வாங்கிக் கொண்டுவரும் பொருளுக்குச் சொந்த மாநிலத்தில் பயன்பாட்டு வரி கட்ட வேண்டும். இதை அறிந்து வைத்துக்கொள்வது நல்லது.) வடக்கு வர்ஜீனியாவிலும் மேரிலாந்திலும் விற்பனை வரி இரண்டு பக்கமும் 6 சதவீதம். மட்டம் சமம். சோபா வாங்கப் பாலம் தாண்ட ஒரு பைசா காரணம் கிடையாது.

இரண்டாவது வழி மெதுவானது, கண்ணுக்குத் தெரியாதது. என்னைப் பொறுத்தவரை இதுதான் பெரியது. கோடு காரைத் தடுப்பதில்லை, ஆனால் பாலம் வராமல் தடுக்கிறது.

அந்த 60 கிலோமீட்டர் இடைவெளியில் இன்னொரு பாலம் வேண்டும் என்ற பேச்சு பல பத்தாண்டுகளாக வந்து வந்து போகிறது. பாலம் ஒரு மாநிலத்துக்குள் என்றால் ஓர் அரசு முடிவெடுத்தால் போதும். இங்கே இரண்டு மாநிலமும் ஒத்துக்கொள்ள வேண்டும், இரண்டு கவுண்டியும் ஒத்துக்கொள்ள வேண்டும். மேரிலாந்துக் கரை நெடுகிலும் பழைய கால்வாய் ஒன்றைச் சேர்த்துத் தேசிய வரலாற்றுப் பூங்காவாக வைத்திருப்பதால் மத்திய அரசும் ஒத்துக்கொள்ள வேண்டும். மான்ட்கோமரி கவுண்டி 1980-இல் 93,000 ஏக்கர் நிலத்தை விவசாயத்துக்கென்று ஒதுக்கிவைத்தது. பாலம் வந்தால் அதன் வழியாகச் சாலை வரும், சாலை வந்தால் வீடுகள் வரும் என்று அங்கே கடும் எதிர்ப்பு. பாலத்தால் லாபம் பெரும்பாலும் வர்ஜீனியாவுக்கு, நிலம் இழப்பது மேரிலாந்து என்றால் மேரிலாந்து ஏன் கையெழுத்துப் போடும்? விவசாய நிலத்தைக் காப்பாற்றியது நல்ல முடிவு என்றுதான் நானும் நினைக்கிறேன். பூல்ஸ்வில் பக்கம் சோளக்காட்டு நடுவில் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அது புரியும். ஆனால் அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

இதில் ஒரு வினோதமும் உண்டு. எல்லை ஆற்றின் நடுவில் இல்லை. 1632-இல் இங்கிலாந்து மன்னர் கொடுத்த சாசனப்படி ஆறு முழுவதும் மேரிலாந்துக்குச் சொந்தம், எல்லை வர்ஜீனியாக் கரையோரமாக ஓடுகிறது. வர்ஜீனியாப் பக்கத்தில் ஆற்றில் கால் நனைத்தாலே மேரிலாந்து. ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி நடு ஆற்றிலிருந்து குடிநீர் எடுக்கக் குழாய் போட முயன்றபோது அது உச்ச நீதிமன்றம் வரை போய், 2003-இல்தான் வர்ஜீனியாவுக்குச் சாதகமாகத் தீர்ந்தது. ஒரு குழாய்க்கே இவ்வளவு என்றால் பாலத்தை யோசித்துப் பாருங்கள்.

சுருக்கமாக: விலை வித்தியாசம் இருந்தால் கோடு ஆட்களை இழுக்கும். சமமாக இருந்தால் சும்மா இருக்கும். ஆனால் இரண்டு அரசுகள் சேர்ந்து கட்ட வேண்டிய எதையும் கோடு தாமதப்படுத்தும்.

'ஒரே பெருநகரம்' என்றால் என்ன

இங்கே ஒரு சொல் பலரையும் தவறான பக்கம் கொண்டுபோகிறது. வாஷிங்டன் பெருநகரப் பகுதியில் 2020 கணக்கெடுப்புப்படி 63 லட்சத்துக்கு மேல் மக்கள். டி.சி., வர்ஜீனியா, மேரிலாந்து, மேற்கு வர்ஜீனியாவின் ஒரு துண்டு, எல்லாம் இதில் அடக்கம். ஒரே பகுதி என்றால் எல்லோரும் எல்லா இடத்துக்கும் போய்வருகிறார்கள் என்று தோன்றும்.

கணக்கு அப்படிப் போடப்படவில்லை. மையத்தில் இருக்கும் கவுண்டிகளை முதலில் எடுத்துக்கொள்வார்கள். வெளியே இருக்கும் கவுண்டியில் வேலைக்குப் போகிறவர்களில் குறைந்தது 25 சதவீதம் பேர் அந்த மையக் கவுண்டிகளுக்கு வேலைக்குப் போனால், அதையும் சேர்த்துக்கொள்வார்கள். (மறுதிசையில் வந்தாலும் சரி.) அதாவது இது வேலைப் பயணத்தின் கணக்கு, மையத்தோடு உள்ள உறவின் கணக்கு. குடையின் கம்பிகள் எல்லாம் நடுத்தண்டில் சேர்கின்றன. ஒரு கம்பி நுனியிலிருந்து இன்னொரு கம்பி நுனிக்கு வழி இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை.

மெட்ரோ ரயிலும் அப்படித்தான். சில்வர் லைன் 2022 நவம்பரில் ஆஷ்பர்ன் வரை வந்தது. ரெட் லைன் மேரிலாந்தின் ஷேடி குரோவ் வரை போகிறது. ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போக வாஷிங்டன் நடுவுக்குப் போய் வண்டி மாற வேண்டும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். மேரிலாந்தில் புறநகரையும் புறநகரையும் நேராக இணைக்க இப்போது கட்டிவரும் பர்ப்பிள் லைன்கூட பெதஸ்டாவிலிருந்து நியூ கேரல்டன் வரை முழுக்க மேரிலாந்துக்குள்ளேயே ஓடும். ஆற்றைத் தாண்டாது.

மனசுக்குள் இருக்கும் வரைபடம்

நாம் ஒவ்வொருவரும் ஊரின் ஒரு வரைபடத்தைத் தலைக்குள் வைத்திருக்கிறோம். அது காகித வரைபடம் மாதிரி இருக்காது. அடிக்கடி போகும் இடங்கள் பெரிதாகவும் பக்கமாகவும், போகாத இடங்கள் மங்கலாகவும் தூரமாகவும் இருக்கும். இதை மன வரைபடம் என்பார்கள்.

புறநகரில் இதைப் பெரும்பாலும் குழந்தைகள்தான் வரைகிறார்கள். பள்ளிக்கூடம் கவுண்டிக்குள். பள்ளி நண்பர்களின் பிறந்தநாள் விருந்து கவுண்டிக்குள். நீச்சல் வகுப்பு, கால்பந்து லீக், எல்லாம் கவுண்டி நடத்துவது. பத்து வருஷம் இப்படி ஓடினால் பெற்றோரின் தலைக்குள்ளும் கவுண்டிதான் ஊர். வர்ஜீனியாவுக்குள்ளேயே, ஆறு எதுவும் குறுக்கே இல்லாமலே, லவுடன்காரர்கள் பக்கத்துப் பிரின்ஸ் வில்லியம் கவுண்டிக்கும் அவ்வளவாகப் போவதில்லை. ஆகவே நாம் எல்லையின் மேல் போடும் பழியில் ஒரு பங்கு பள்ளிக்கூடக் கால அட்டவணைக்கு உரியது.

மன வரைபடம் காரணமா விளைவா என்று கேட்டால், இரண்டும்தான். போகாததால் தெரியாமல் போகிறது, தெரியாததால் போகாமல் இருக்கிறோம்.

லேன்ஹம் வரைக்கும்

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் நண்பருக்கான பதில் கிடைத்துவிடுகிறது. ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்த ஒன்று இருக்கிறது.

மேரிலாந்தின் லேன்ஹமில் வட அமெரிக்க முருகன் கோயில் இருக்கிறது. கொஞ்ச தூரத்திலேயே சிவா விஷ்ணு கோயிலும். ஆஷ்பர்னிலிருந்து ஏறத்தாழ 40 மைல், அதே பாலம், அதே சிவப்புக் கோடு. ஜெர்மன்டவுன் போகும் தூரமும் இதுவும் ஒன்றுதான். ஆனால் தைப்பூசத்துக்கு நாங்கள் கிளம்பும்போது வீட்டில் யாரும் டிராஃபிக் எப்படி என்று கேட்பதில்லை. கூகுள் மேப்ஸைத் திறப்பது எந்த வழி என்று பார்க்க மட்டும்தான், போகலாமா என்று பார்க்க இல்லை. பெருமாளைக் கும்பிட வர்ஜீனியாவிலேயே கோயில் வந்துவிட்டது. முருகனுக்கென்று தனியாக ஒரு கோயில் என்றால் லேன்ஹம்தான். நடுவில் வேறு எதுவும் இல்லை. ஸ்டௌஃபர் சொன்னது கோயில் வாசலில் வர்ஜீனியா நம்பர் பிளேட்டாக நிற்கிறது.

ஜெர்மன்டவுனிலிருந்து லேன்ஹமுக்கு ஆற்றைத் தாண்ட வேண்டியதில்லை. அதனால் நண்பரிடம் சொன்னேன்: "தம்பி, காபிக்குன்னு கூப்பிட்டா என்னால சத்தியம் பண்ண முடியாது. மாசா மாசம் கிருத்திகைக்கு லேன்ஹம் வந்துடறோம். நீங்களும் வந்துடுங்க, அங்கயே உக்காந்து பேசலாம்." சரிண்ணே என்றார். போன கிருத்திகைக்கு நாங்கள் இருபது நிமிஷம் தாமதம். பாலம்தான். அவர்கள் செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் எங்களுக்காக நின்றுகொண்டிருந்தார்கள். கையில் ஃபிளாஸ்க்கில் காபி இருந்தது.